வோஸ்டாக் பனித்தூண்கள்

அண்டார்க்டிகாவின் உட்பகுதியில், அந்நாளைய சோவியத் நிலையமான வோஸ்டாக்கில், 1983 ஜூலை 21 அன்று வெப்பமானி சுழிக்குக் கீழ் 89.2 டிகிரி செல்சியஸ் காட்டியது. இத்தகைய இடத்தில்தான் சோவியத் பொறியாளர்கள் பனியைத் துளைத்து 2 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தனர்.

பனியைத் தோண்டி என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். ஆண்டுதோறும் பெய்யும் பனி அடுக்கடுக்காய் அமுங்கிக் கட்டியாகும்போது, அக்காலக் காற்றும் குமிழ்களாக உள்ளே சிறைப்படுகிறது. பனியிலுள்ள டியூட்டீரியத்தின் அளவோ பழைய வெப்பநிலையைச் சொல்லும். குளிர் மிகுந்தால், கனமான நீர் மூலக்கூறுகளில் பெரும்பகுதி துருவம் சேருமுன் வழியிலேயே மழையாகவும் பனியாகவும் உதிர்ந்துவிடும். ஆக, பழங்காற்றும் பழைய வெப்பமானியும் ஒரே துண்டில்!

துளைத்தவர்கள் சோவியத் நாட்டினர். குமிழ்களை நுட்பமாய் அளக்கும் ஆய்வகம் பிரான்சில். பனித்தூண்களைச் சுமக்கவல்ல, சறுக்குக்கட்டை பூட்டிய ஹெர்குலிஸ் விமானங்கள் அமெரிக்காவிடம். அணு ஆயுதங்களுடன் எதிரெதிர் அணிகளில் நின்ற நாடுகள் இவை! ஆனால் அறிஞர்களையும் ஆய்வு முடிவுகளையும் பரிமாறிக்கொள்ள 1959ஆம் ஆண்டின் அண்டார்க்டிக் உடன்படிக்கை வழி வைத்திருந்தது. 1984 இறுதியில் பிரெஞ்சு அறிஞர் க்ளோட் லோரியஸ் அமெரிக்க விமானத்தில் வோஸ்டாக் சென்றார். பனித்தூண்கள் பிரான்சு வந்தன.

1987இல் பிரெஞ்சு, சோவியத் அறிஞர்கள் கூட்டாக ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டனர். 1,60,000 ஆண்டுகளாக வெப்பநிலையும் கரியமில வாயுவும் சேர்ந்தே ஏறி இறங்கியிருந்தன. (எது முந்தியது என்பது தனிக் கட்டுரைக்குரிய கேள்வி.) பின்னர் துளை 3,623 மீட்டர் வரை இறங்கியது; கணக்கு 4,20,000 ஆண்டுகளுக்கு நீண்டது. அத்தனை காலத்திலும் கரியமில வாயு பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டியதில்லை. இன்று அது 420ஐக் கடந்துவிட்டது.