அந்தமானிய மொழிகளில் மரியாதை விளி: ஒரு வரலாற்று நோக்கு

ஒருவரைப் பன்மையால் உயர்த்திக் கூறுதல் வழக்கினால் அமைந்ததேயன்றி இலக்கண நெறிப்பட்டதன்று என்பது தொல்காப்பியர் கருத்து. அவ்வழக்கே பிற்காலத் தமிழில் நீர், நீங்கள் என இலக்கணமாக நிலைபெற்றது. சீனத்தில் 1949க்குப் பின் 'தோங்ஜி' (தோழர்) என்னும் சொல் பழைய மரியாதை விளிகள் பலவற்றின் இடத்தைப் பெற்றது. 1978இல் தொடங்கிய சீர்திருத்தத்திற்குப் பின் அவற்றுட் சில மீண்டன. இவ்விரு மொழிகளிலும் சொற்கள் மாறின, பேசுவோர் நிலைத்தனர். பெரும் அந்தமானிய மொழிகளின் நிலை வேறு.

இம்மொழிகளின் விளிமுறையை இ. எச். மேன் 1880களிலும், 1906-08இல் களப்பணி செய்த ராட்கிளிஃப்-பிரவுன் தம் 1922ஆம் ஆண்டு நூலிலும் பதிவு செய்துள்ளனர். தென்பகுதியில் மூத்த ஆடவர் பெயர்முன் 'மையா' என்பதும், பெண்டிர் பெயர்முன் 'சானா' என்பதும் வரும். வடபகுதியில் பெண்டிர்க்கு 'மிமி' வழங்கியது. இளையோரை வெறும் பெயரால் அழைக்கலாம். அரசனோ சாதியோ இல்லாத அச்சமூகத்தில் மரியாதைக்கு வயதே முதன்மை அடிப்படை. துக்கம் காப்போரின் பெயரைச் சொல்லாது தவிர்த்தலும் மரபு.

கதைமாந்தரும் இம்மரபுக்கு உட்பட்டோரே. தீயை முதலில் பெற்ற இறால் 'மையா டிக்' எனப்படுகிறது. ராட்கிளிஃப்-பிரவுன் இதனைச் 'சர்' என்னும் ஆங்கிலப் பட்டத்தால் பெயர்த்தார். அதனால் வயதுமுறை பதவிமுறையாகத் தோற்றம் பெற்றது. தமிழில் 'ஐயா' எனினும் சாதி, அலுவல் சார்ந்த சாயல் ஒட்டிக்கொள்ளும். 'இறால் பெரியவர்' என்பதே மூலத்திற்கு அணுக்கமானது.

1858இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்டது. தொற்றுநோய்கள் பரவின. 1901 கணக்கெடுப்பில் 625ஆக இருந்த பெரும் அந்தமானியர் 1961இல் 19 பேராயினர். எஞ்சியோர் பின்னர் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டனர். பல குழுக்களின் பேச்சுகள் கலந்தன, இந்தி வீட்டுமொழியாயிற்று. இந்தி தூ, தும், ஆப் என மரியாதையைப் பதிலிடுபெயரிலும் வினையிலும் காட்டுவது. ஆகவே பெயர்முன் நின்ற மரியாதை வேறோர் இலக்கண இடத்திற்குப் பெயர்ந்தது.

போ மொழியின் இறுதிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 சனவரியில் மறைந்தார். அன்விதா அப்பியின் அகராதியும் இலக்கணமும் பெரும் அந்தமானியச் சொற்களைக் காத்துள்ளன. ஆயினும் விளி என்பது மூத்தார் ஒருவரும் இளையார் ஒருவரும் கூடியவிடத்தே நிகழ்வது. அழியும் மொழியில் அகராதிச் சொற்களோடு, யார் யாரை எவ்வாறு அழைத்தனர் என்பதையும் உரையாடலாகவே பதிவு செய்தல் இன்றியமையாதது.