ஜேம்ஸ்–லாங்கே கோட்பாடு

உடலில் எழும் மாற்றத்தை மனம் உணர்வதே உணர்ச்சி என்று கூறும் உளவியல் கோட்பாடு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884இல் ‘மைண்ட்’ இதழில் எழுதிய கட்டுரையில் இதை முன்வைத்தார். மறு ஆண்டே டென்மார்க் மருத்துவர் கார்ல் லாங்கே தனித்து இதையொத்த முடிவுக்கு வந்தார். லாங்கே இரத்தக் குழாய்களின் மாற்றத்தையே பெரிதாகக் கருதினார். ஜேம்ஸோ தசை, மூச்சு, இதயம், குடல் என உடல் முழுவதையும் கணக்கில் கொண்டார்.

கரடியைக் கண்டதும் அஞ்சுகிறோம், அதனால் ஓடுகிறோம் என்பது பொது எண்ணம். ஜேம்ஸ் இந்த வரிசையை மாற்றினார்: கண்டதும் உடல் பதறி ஓடுகிறது, அந்தப் பதற்றத்தை உணரும்போது அச்சம் பிறக்கிறது. நெஞ்சின் படபடப்பையும் மூச்சிரைப்பையும் கால் நடுக்கத்தையும் நீக்கிவிட்டால் அச்சத்தில் என்ன மிஞ்சும் என்று அவர் கேட்டார். கோட்பாட்டின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. எதிர்த்தவர்களாலும் இதை எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை.

வலுவான மறுப்பு 1927இல் ஹார்வர்ட் உடலியலாளர் வால்டர் கேனனிடமிருந்து வந்தது. அவர் காட்டிய சான்றுகள் இவை: உள்ளுறுப்புகளை இயக்கும் பரிவு நரம்புகள் அகற்றப்பட்ட பூனைகளும் சினத்தை வெளிக்காட்டின. அச்சத்திலும் சினத்திலும் உள்ளுறுப்புகள் ஏறக்குறைய ஒரேபோல இயங்குகின்றன. அவை மெதுவாகவே மாறுகின்றன. அட்ரினலின் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலருக்குப் படபடப்பு வந்ததே தவிர, உண்மையான அச்சம் வரவில்லை. ஆனால் பூனை சீறியதைக் கண்டவர்களால் அது உள்ளே என்ன உணர்ந்தது என்பதைக் காண இயலாது; கேனனின் சான்றில் இது ஒரு குறையே. ஜேம்ஸின் பக்கம் சாயும் சான்றும் வந்தது: தண்டுவடம் சேதமடைந்த 25 பேரிடம் உளவியலாளர் ஜார்ஜ் ஹோமன் 1966இல் பேசியபோது, சேதம் கழுத்தை நெருங்க நெருங்கச் சினமும் அச்சமும் மங்கியிருந்ததாக அவர்கள் கூறினர். பிந்தைய ஆய்வுகள் அந்த அளவு மங்கலைக் காணவில்லை.

1962இல் உளவியலாளர்கள் ஸ்டான்லி ஷாக்டரும் ஜெரோம் சிங்கரும் இரு தரப்பையும் இணைக்க முயன்றனர். உடல் கிளர்ச்சி தேவைதான், ஆனால் அது எந்த உணர்ச்சி என்பதைச் சூழலைப் பார்த்து மனமே முடிவு செய்கிறது என்றனர். இதைக் காட்ட அவர்கள் அட்ரினலின் ஊசி போட்டு நடத்திய புகழ்பெற்ற சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அதே முடிவுகள் கிடைக்கவில்லை.

நரம்பியலாளர் அன்டோனியோ டமாசியோ 1994இல் ஜேம்ஸின் கருத்துக்குத் திருத்திய வடிவம் தந்தார். உடல் உண்மையில் மாறாதபோதும், மாறியதுபோன்ற நிலையை மூளை தனக்குள்ளேயே உருவாக்கிக்கொள்ள முடியும் என்றார். உள்ளுறுப்புகள் மெதுவாக மாறுகின்றன என்ற கேனனின் மறுப்புக்கு இது ஒரு விடையாகிறது.