அக்கா கேட்ட கணக்கு

எங்க ஊர் கம்பம். அக்காவைக் கட்டிக்கொடுத்தது வண்டிப்பெரியாறில். மாமா அங்கே எஸ்டேட்டில் வேலை. முல்லைப் பெரியாறு அணை உடைந்தால் முதலில் தண்ணீர் போய்ச் சேரும் ஊர்களில் அக்கா வீடு. அந்த அணையில் தண்ணீர் இல்லையென்றால் காய்கிற வயல்களில் அப்பா வயல். ஒரே குடும்பத்துக்கு இரண்டு பயம்.

2011 டிசம்பரில் குமுளியில் பஸ் நின்றுபோய், எஸ்டேட்காரர்கள் மூட்டை முடிச்சோடு மலை இறங்கி வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த வருடம் இடுக்கியில் நில அதிர்ச்சி வேறு. நான் அப்போதே இங்கே மஸ்கட் வந்துவிட்டேன். அக்கா போனில் ஒரே கேள்விதான் கேட்டாள்: "தம்பி, டேம் நிக்குமாடா?"

நானோ பி.காம். கடன் மனுவில் வட்டி கணக்குப் போடத் தெரியும், அவ்வளவுதான். பக்கத்து சீட்டில் தொடுபுழைக்காரர் ஒருத்தர், அருமையான மனிதர், மத்தியானம் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அந்த மாதம் மட்டும் இருவரும் அணையைத் தவிர எல்லாவற்றையும் பேசினோம். பிறகு அக்கா மகன் சிவில் படிக்கப் போனான். லீவில் போனபோது அவனை உட்காரவைத்துக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"மாமா, ஸ்ட்ரெஸ்னா ஒண்ணுமில்ல. எவ்வளவு பாரம், அதை எத்தனை சதுர சென்டிமீட்டர் தாங்குது, வகுத்துக்கோங்க" என்றான். வகுத்தல்தானே, அது நமக்கு வரும்.

அணை 1887 முதல் 1895 வரை கட்டியது. பென்னிகுயிக் துரை தலைமை. வெளியே கருங்கல் கட்டு, உள்ளே சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கான்கிரீட். அஸ்திவாரத்திலிருந்து 176 அடி, நீளம் சுமார் 1,200 அடி. குத்தகைப் பத்திரம் 1886 அக்டோபர் 29-ல் எழுதியது: 999 வருடம், 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய். (வங்கியில் இத்தனை வருடத்தில் 99-க்கு மேல் குத்தகைப் பத்திரம் நான் பார்த்ததில்லை. அந்த ஒரு 9 எப்படி வந்தது என்று இரு மாநிலத்திலும் இன்னும் பேசுகிறார்கள்.)

இந்த அணைக்கு வளைவு கிளைவு இல்லை. தன் கனத்தாலேயே நிற்கிற அணை. ஏரித் தண்ணீர் தள்ளுகிறது, கல்லின் எடை கீழே அழுத்துகிறது. பீரோவை மேல்பக்கம் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். தள்ளுகிறவன் பக்கத்துக் கால்தான் முதலில் எழும்பும். அணையிலும் அப்படித்தான், ஏரிப் பக்கத்து அடிதான் எழும்பப் பார்க்கும். கல்லும் சுண்ணாம்பும் அழுத்தினால் நன்றாகத் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். அதனால் எடையும் தள்ளலும் சேர்ந்த மொத்த விசை அடித்தளத்தின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் விழ வேண்டும், எங்கேயும் இழுவிசை வரக்கூடாது என்பது ரேங்கின் 1872-ல் சொன்ன விதி.

அந்தக் காலத்துப் பொறியாளர்கள் பலர் விட்ட இடம் ஒன்று உண்டு. அடியில் புகுகிற தண்ணீர் அணையை மேல்நோக்கித் தூக்கும். பிரான்சில் பூஸே என்ற அணை 1895 ஏப்ரல் 27-ல் உடைந்து எண்பது பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தத் தூக்கு விசையைக் கட்டாயம் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உறைத்தது. அதே 1895 அக்டோபரில்தான் சென்னை கவர்னர் வென்லாக் நம் அணையைத் திறந்துவைத்தார். ஆறு மாத இடைவெளி! அணையைக் குறை சொல்லவில்லை (கம்பத்துக்காரன், சொல்வேனா?). ஆனால் தொடுபுழைக்காரர் பயத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் முன்பு நினைத்தது தப்பு.

1979 ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்தது. அந்தப் பீதியில் மத்திய நீர் ஆணையம் வந்து பார்த்தது. 152 அடி நிறுத்திக்கொண்டிருந்த தண்ணீரை 136-க்கு இறக்கினார்கள். பதினாறு அடியில் என்ன வந்துவிடும்?

ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு சதுர மீட்டரில் ஒரு டன் என்று அழுத்தம் ஏறும். மட்டத்தையே ஆழமாக வைத்துக்கொண்டால் 152 அடி என்பது 46.3 மீட்டர். மேலே பூஜ்யம், அடியில் 46.3 டன், சராசரி அதில் பாதி. அதை ஆழத்தால் பெருக்கினால், அணையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 1,073 டன் தள்ளுகிறது. 136 அடியில் அதே கணக்கு 859 டன். மட்டம் பத்து சதவீதம் இறங்க, தள்ளல் இருபது சதவீதம் குறைகிறது. கவிழ்க்கிற திருப்பம் ஆழத்தின் கனத்தில் போகும் என்பதால் அது இருபத்தெட்டு சதவீதம் குறையும். அக்காவுக்கு நல்ல செய்தி.

அப்பா பக்கக் கணக்கையும் பாருங்கள். 104 அடிக்கு மேலே நிற்கும் தண்ணீர்தான் சுரங்கம் வழியாக நம் பக்கம் வரும். அதாவது நமக்கு உள்ளது 48 அடி. அதில் 16 போனால் மூன்றில் ஒரு பங்கு. ஏரி மேலே போகப் போக அகலம் என்பதால் உண்மையான நஷ்டம் இன்னும் அதிகம். அவர்களுக்குக் குறைந்தது தள்ளலில் ஐந்தில் ஒன்று. நமக்குப் போனது தண்ணீரில் மூன்றில் ஒன்றுக்கு மேல். ஒரே பதினாறு அடி. இந்த வழக்கு ஏன் முடியவே மாட்டேன் என்கிறது என்பது இந்த இரண்டு வரியில் எனக்குப் புரிந்தது.

அப்புறம் பலப்படுத்தும் வேலை. மேலே கான்கிரீட் தொப்பி, சுமார் 12,000 டன். அடுத்து, அணையின் தலையிலிருந்து துளையிட்டு, அடிப்பாறைக்குள் 30 அடி வரை இறக்கி, 95 கேபிள்கள். ஒவ்வொன்றிலும் 7 மில்லிமீட்டர் கம்பி 34. ஒவ்வொன்றையும் 120 டன்னுக்கு இழுத்துக் கட்டியது. மருமகன் என்னையே போடச் சொன்னான். ஒரு கம்பியின் பரப்பு 38.5 சதுர மில்லிமீட்டர், முப்பத்து நாலுக்கும் சேர்த்து சுமார் 13 சதுர சென்டிமீட்டர். 1,20,000 கிலோவை 13-ஆல் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 9,200 கிலோ.

"சாதாரண மைல்ட் ஸ்டீல் கம்பி 2,500-லயே நீள ஆரம்பிச்சிரும் மாமா. இது ஹை டென்சைல். கிட்டத்தட்ட 15,000 வரை அறாது" என்றான்.

அந்தக் கேபிள்கள் எல்லாம் சேர்ந்து 11,400 டன். தொப்பியையும் கூட்டி 366 மீட்டர் நீளத்துக்குப் பங்கு வைத்தால் மீட்டருக்கு 64 டன்தான் வருகிறது. 859-க்கு முன்னால் இது என்னடா என்று கேட்டேன். இடம்தான் விஷயமாம். அணையின் தலை ஏரிப் பக்கம் ஒட்டி இருக்கிறது. பீரோவின் எழும்பப் பார்க்கும் கால் மேலேயே போய் உட்கார்ந்த மாதிரி. மூன்றாவதாகப் பின்பக்கம் ஒட்டிக் கட்டிய கான்கிரீட் தாங்கல்தான் பெரிய வேலை. அதில் அணையின் அடி அகலமாகி எடையும் கூடியது.

உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் 142 அடிக்கு அனுமதித்தது. கேரளா உடனே சட்டம் திருத்தித் தடுத்தது. 2014 மே 7-ல் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அந்த நவம்பரில் தண்ணீர் 142-ஐத் தொட்டது. 142-க்குத் தள்ளல் 937 டன், நான் போட்டுப் பார்த்தேன்.

இந்தக் கணக்கு முழுதும் நிலம் ஆடாமல் இருக்கும்போது. ஆடினால் வேறு கணக்கு, அது என் அறிவுக்கு மேலே. அக்காவிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்றது சரிடா. மழை வந்தா எனக்குத் தூக்கம் வரல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா நாத்து விட்டாச்சான்னு கேளு. தண்ணி திறந்திட்டாங்களாமே" என்றாள்.