விரல் அறிந்த கோடு: பினோத் பிஹாரி முகர்ஜியின் காகித வெட்டுகளும் கல்லச்சுகளும்

கல்லச்சு ஓவியம் என்றதும் திருவிதாங்கூர் மண்ணில் முதலில் நினைவுக்கு வருபவர் கிளிமானூர் ராஜா ரவிவர்மா (1848–1906). 1894இல் மும்பையில் அவர் தொடங்கிய அச்சகம், எண்ணெய் வண்ண ஓவியங்களை நிறத்துக்கு ஒரு கல்லாகப் பிரித்து அச்சிட்டது. அரண்மனைச் சுவர்களில் இருந்த உருவங்கள் எளியோர் வீட்டுப் பூசையறைக்கு வந்தன. அங்கே கல்லின் பணி படியெடுத்தல். மூலம் தூரிகையின் ஆக்கம். இருபதாம் நூற்றாண்டில் ஓவியர்கள் கல்லையும் காகிதத்தையும் மூலப் படைப்புக்கே உரிய ஊடகங்களாகக் கொண்டனர். அவர்களுள் சாந்திநிகேதனைச் சேர்ந்த பினோத் பிஹாரி முகர்ஜியின் (1904–1980) நிலை தனித்தன்மை உடையது. பார்வையை முற்றிலும் இழந்த பிறகே அவர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்.

பிறவியிலேயே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மறு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. நந்தலால் போஸின் தொடக்ககால மாணவர்களுள் ஒருவராகக் கலாபவனத்தில் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியரானார். ஐம்பதுகளின் பிற்பகுதியில் கண்ணில் செய்துகொண்ட அறுவை மருத்துவம் பயனளிக்காமல் எஞ்சிய பார்வையும் போயிற்று. 1958இல் சாந்திநிகேதனுக்குத் திரும்பிக் கலை வரலாறு கற்பித்தார். இக்காலத்தில் வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டிய ஓவியங்கள், கல்லச்சுகள், கோட்டோவியங்கள், சிறு சிற்பங்கள் ஆகியவற்றை உருவாக்கினார்.

இப்படைப்புகளைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கிறது: ஊனத்தை வென்ற மனத்திண்மை. இப்பாராட்டில் ஓர் இடர் உண்டு. படைப்பாளியின் துயரம் அளவுகோலாகும்போது படைப்பு ஆய்வுக்கு உட்படாமல் போகிறது. கண்ணிழந்தவர் செய்தது என்பதே போதுமான மதிப்பீடாகிவிடுகிறது. வடிவங்களை மட்டும் வைத்து நோக்கினால், காகித வெட்டுகள் அவருடைய முந்தைய பணியின் முறிவாக அல்ல, தொடர்ச்சியாகவே தெரிகின்றன.

இதற்குச் சான்று இந்தி பவனத்துச் சுவரோவியம் (1946–47). ராமானுஜர், கபீர், சூர்தாசர், துளசிதாசர், குரு கோவிந்த் சிங் முதலிய இடைக்கால அடியார்களின் வாழ்வு அங்கே ஓர் ஆறுபோல மூன்று சுவர்களில் ஓடுகிறது. ஈரச்சுதையில் வரையும் முறை அது. சுதை காயுமுன் வரைந்து முடிக்க வேண்டும், திருத்தத்துக்கு இடமில்லை. முழு அளவு முன்வரைவைச் சுவரில் ஒற்றி எடுக்காமல், நேரடியாகவே அவர் வரைந்தார். கிட்டப்பார்வை உடையவர் சுவரை ஒட்டி நின்றே வரைய இயலும். விலகி நின்றால் விவரம் மங்கும். ஆகவே அந்த நெடிய சுவரின் முழுமை அவர் கண்ணில் அன்று, நினைவில்தான் இருந்திருக்க வேண்டும். உருவங்களை எளிய, திண்ணிய வடிவங்களாகச் சுருக்கி, அவற்றின் இடைவெளிகளால் தாளம் அமைக்கும் பயிற்சி அவருக்கு அப்போதே கைவந்திருந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் காகிதத்தில் அவர் செய்ததும் அதுவே.

ஆன்றி மத்தீஸுடன் (1869–1954) இவரை ஒப்பிடுவது வழக்கம். 1941இல் பெரும் அறுவை மருத்துவத்துக்கு உள்ளான மத்தீஸ், படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி வண்ணம் பூசிய காகிதங்களை வெட்டினார். 1947இல் வெளிவந்த ‘ஜாஸ்’ தொகுப்பு வெட்டச்சுத் தகடுகள் வழி வண்ணமிடப்பட்டது. இறுதிக்கால வெட்டுகள் 1958இல் ‘வெர்வ்’ இதழின் சிறப்பு வெளியீட்டில் வண்ணக் கல்லச்சுகளாக வந்தன. வெட்டும் உருவம் தட்டையான நிறப்பரப்பு ஆதலால், நிறத்துக்கு ஒரு கல் என்ற முறைக்கு அது இயல்பாகப் பொருந்தியது. ஆயினும் ‘ஜாஸ்’ அச்சில் காகிதத்தின் உயிர்ப்புக் குறைந்துவிட்டதாக மத்தீஸே வருந்தினார்.

ஒப்புமை இங்கே நின்றுவிடுகிறது. மத்தீஸ் நிறத்தையே வெட்டினார். கோடும் வண்ணமும் ஒரே செயலாக வேண்டும் என்பது அவர் நாட்டம். முகர்ஜிக்குக் காகிதத்தின் விளிம்புதான் முதன்மை. வெட்டிய விளிம்பை விரலால் தடவி அறியலாம். ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய தாளின் மேடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் உணரலாம். நிறத்தை விரல் அறியாது. அங்கே பிறர் கண்ணும் தம் நினைவும் துணையாக வேண்டும். எனவே இவ்வோவியங்களில் வடிவம் தொடுகையாலும், வண்ணம் நினைவாலும் அமைந்தன எனலாம். கல்லச்சில் இத்துணையும் குறைவு. நெய்ப்பசையுள்ள கோல் கல்மேல் விடும் தடம் விரலுக்குப் புலப்படாது. கையின் பழக்கம் ஒன்றே வழிகாட்டி. அதனால் காகித வெட்டையும் கல்லச்சையும் ஒரே வகையாகக் கருதாமல், தொடுகையின் கலை, கைப்பழக்கத்தின் கலை எனப் பிரித்து ஆராய்வது பொருந்தும்.

இத்தேடல் தனியறையில் முடியவில்லை. 1972இல் கலாபவனத்தில் ஓட்டுத் துண்டுகளாலான பெரிய சுவரோவியத்தை அவர் அமைத்தார். காகிதத்தில் கண்ட வடிவ மொழி அங்கே கட்டடத்தின் பகுதியாயிற்று. அவருடைய பழைய மாணவர் சத்யஜித் ராய் அதே ஆண்டில் ‘தி இன்னர் ஐ’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கே. ஜி. சுப்ரமணியன், ஆசிரியரின் தன்வரலாறான ‘சித்ரகர்’ நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். திருவனந்தபுரத்தில் மலையாள இலக்கியம் பயின்று சாந்திநிகேதன் சென்ற ஆற்றிங்கல் ஏ. ராமச்சந்திரனும் அவரிடம் கற்றவரே. கண்ணிழந்த ஆசிரியரிடம் பார்க்கக் கற்ற தலைமுறை அது.

தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் குலாம் முகம்மது ஷேக், ஆர். சிவகுமார் இருவரும் தொகுத்த நூற்றாண்டு நினைவுக் கண்காட்சி, முன்னும் பின்னுமான படைப்புகளை ஒருசேரக் காணும் வாய்ப்பைத் தந்தது. இந்திய நவீன ஓவிய வரலாற்றைப் பாடமாக்குவோர் இந்தி பவனச் சுவரையும் காகித வெட்டுகளையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து வைத்துக் காட்ட வேண்டும். அப்போது இரக்கத்துக்குரிய இறுதிக் காலம் என்று ஒதுக்கப்பட்டவை, ஐம்பதாண்டு வடிவ ஆராய்ச்சியின் முடிவுகளாக மாணவர் முன் நிற்கும்.