இருபது நிமிடக் கார்பன்

சேறு நிறைந்த குளத்தைக் குச்சியால் கிளறினால் குமிழிகள் வரும். இத்தாலியின் மாஜோரே ஏரிக்கரையில் 1776ஆம் ஆண்டு வோல்ட்டா அந்தக் குமிழிகளைப் பிடித்து எரித்துப் பார்த்தார். அதுதான் மீதேன். சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அதைச் செய்கின்றன என்பது பிறகு தெரிந்தது. ஆனால் எதிலிருந்து செய்கின்றன? மீதேனில் இருப்பது ஒரே ஒரு கார்பன் அணு. அது எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அணுவுக்கு ஓர் அடையாளம் வைத்தால் முடியும். 1940இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் சாம் ரூபன், மார்ட்டின் கேமன் என்ற இரண்டு இளைஞர்கள் அதைச் செய்தார்கள். இருவருக்கும் 26, 27 வயதுதான். சைக்ளோட்ரானில் அவர்கள் உருவாக்கிய கார்பன்-11 கதிரியக்கம் உள்ளது. ஆனால் சுமார் 20 நிமிடத்தில் பாதி அழிந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் 64இல் ஒரு பங்குதான் மிஞ்சும். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்!

நுண்ணுயிரியலாளர் பார்க்கரோடு சேர்ந்து, அந்தக் கார்பன் கொண்ட கார்பன் டை ஆக்சைடை நுண்ணுயிர்களுக்குக் கொடுத்தார்கள். வெளிவந்த மீதேனில் கதிரியக்கம் இருந்தது. கார்பன் டை ஆக்சைடே மீதேனாக மாறியிருந்தது.

ஆனால் வழி அது ஒன்றுதானா? அதே ஆண்டு ரூபனும் கேமனும் கண்டுபிடித்த கார்பன்-14 பல்லாயிரம் ஆண்டுகள் நிலைக்கும். அதை வைத்து 1949இல் தெரசா ஸ்டாட்மன் என்ற பெண்ணும் பார்க்கரும் இன்னொரு வழியைக் காட்டினார்கள். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தில் இரண்டு கார்பன்கள் உண்டு. ஒன்று மீதேனாகிறது, மற்றது கார்பன் டை ஆக்சைடாகிறது.

1967இல் இன்னொரு வியப்பு. ஒரே உயிர் என்று பார்க்கர் வளர்த்த ஒரு நுண்ணுயிர், உண்மையில் இரண்டு! ஒன்று ஆல்கஹாலை உடைத்து ஹைட்ரஜன் தருகிறது. மற்றது அதை வைத்து மீதேன் செய்கிறது. அடையாளம் வைத்த அணு போன பாதையைச் சொல்லும். அதைச் சுமந்தது யார் என்று சொல்லாது.

இன்றைக்கும் இதே சிக்கல்தான். 2007 முதல் காற்றில் மீதேன் மறுபடி கூடி வருகிறது. அதில் கார்பன்-13இன் பங்கு குறைகிறது. நுண்ணுயிர் செய்யும் மீதேனில் கார்பன்-13 குறைவு. அதனால், கணினி மாதிரிகளில் கணக்கிடும் பலர் நுண்ணுயிர்களையே முக்கியக் காரணமாகக் காட்டுகிறார்கள். ஆனால் மாட்டின் வயிறா, வயலா, சதுப்பு நிலமா? அவற்றின் அடையாளங்கள் ஒன்றோடொன்று கலந்து போகின்றன. மாடும் வயலும் என்றால் நம் வழக்கங்களை மாற்றிக் குறைக்கலாம். பூமி சூடாவதால் சதுப்பு நிலம் கூடுதலாக வெளிவிடுகிறது என்றால், அதை நேராக நிறுத்த முடியாது. யார் சுமந்தது என்ற கேள்விக்கு விடை தேடுவது அதனால்தான் இவ்வளவு முக்கியம்.