கள்ளுக்கடையும் ஆப்பச்சட்டியும்

மலாக்காவில் மஸ்ஜித் தானா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பொடி ஈஸ்ட் மிகவும் பிந்திப் பழக்கமான பொருள். அதற்கு முன் ஆப்ப மாவு பொங்க வேண்டுமென்றால் கள்தான். அரைத்த மாவில் என் அப்பாயி ஒரு கைப்பிடிக் கிண்ணம் கள் ஊற்றிக் கலந்து மூடி வைப்பார். மறுநாள் காலை மாவு சட்டியின் விளிம்பைத் தொட்டிருக்கும். ஆப்பத்தின் நடுப்பகுதி பஞ்சாய் உப்பி வரும். அந்தக் கள் வாங்கப்பட்ட இடத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் மாறிவிடும். அந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

தென்னம்பாளையைக் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிப் பானையைக் கட்டினால் இனிப்பான சாறு சொட்டும். காற்றிலும் பழைய பானையின் சுவரிலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் அப்போதே வேலையைத் தொடங்கிவிடும். சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடும். சில மணி நேரத்தில் சாறு கள்ளாகிவிடும். அதற்கடுத்த நாள் புளித்துக் காடியை நோக்கிப் போகும். பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் இந்த வேலை நின்று பதநீர் கிடைக்கும். பிரான்ஸில் லூயி பாஸ்டர் 1857இல் இந்தப் புளிப்பு உயிருள்ள ஒன்றின் வேலை என்று எழுதினார். மரம் சீவுகிறவர்கள் அதைக் கைப்பழக்கமாக அறிந்திருந்தார்கள்.

அந்தக் கள் கடைக்குள் வந்த கதை கித்தா எனும் ரப்பரோடு தொடங்குகிறது. மலாக்காவில் அதை வாணிபப் பயிராக டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் நட்டார். பிறகு தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஊரில் மரத்தடியில் கிடைத்த கள், இங்கே உரிமம் பெற்ற கடைக்குள் வந்தது. தோட்டத்து நிலத்திலேயே கடை. 1920களின் இறுதியில் ஆணின் நாள் கூலிக்கு வைத்த அளவு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பால் வெட்டி வாங்கிய அந்தக் காசில் ஒரு பங்கு, அதே தோட்டத்தின் கடை மேடைக்கே திரும்பிப் போனது. கடை லாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிட வேண்டும் என்றார்கள். ஆனால் அந்த நலனுக்கான பணமும் அவர்கள் குடித்த கள்ளிலிருந்துதான் வந்தது. குடித்தவனின் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை.

தொழிலாளர்கள் இதை வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கையாக இருந்தது. தோட்டத்து வெள்ளைத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருந்தது. இரண்டும் மானத்தைப் பற்றிய கோரிக்கைகள். போர் முடிந்தபின் கெடாவில் ஏ.எம். சாமி தலைமையிலான தொண்டர் படை என்னும் இயக்கம் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தது. 1947இல் அந்தப் போராட்டம் போலீஸோடு மோதலில் முடிந்தது.

கடையை ஆதரித்தவர்கள், கள்ளில் பி வைட்டமின் உண்டு, உடம்புக்கு நல்லது என்றார்கள். ஈஸ்டில் அந்தச் சத்து இருப்பது உண்மை. பம்பாயில் ரத்தசோகை கண்ட கர்ப்பிணிகளுக்கு ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்து மருத்துவர் லூசி வில்ஸ் குணமாக்கியது 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். ஆனால் லிங்கி ஆற்றுக்கு அக்கரையில், நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், பி வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரியைப் பற்றி 1907இல் வெளியிட்ட நூலில் வேறொன்றைச் சுட்டியிருந்தார். தீட்டிய பச்சரிசி தின்றவர்களைத் தாக்கிய நோய், புழுங்கல் அரிசி தின்ற தமிழர்களை அரிதாகவே தாக்கியது. சத்து எங்கள் சோற்றுப் பானையிலேயே இருந்தது. அதற்காகக் கூலியைக் கள்ளுக்கடையில் கொட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை.

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. தோட்டக்காட்டைப் பற்றிப் பேசும் பலர், தமிழன் குடித்து அழிந்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் பழியில் உரிமம் கொடுத்த அரசும் இடம் கொடுத்த நிர்வாகமும் மறைந்துபோகின்றன. புளிப்பு என்பதே கெட்டது என்ற வெறுப்பும் அதோடு ஒட்டிக்கொள்கிறது. எங்கள் பெண்கள் அதே ஈஸ்டை எடுத்துப் பிள்ளைகளுக்குக் காலை உணவாக்கினார்கள். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்கள் வெந்த மரவள்ளிக்கிழங்கின் மேல் ராகி என்னும் வெள்ளை வில்லையைப் பொடித்துத் தூவி, மூடி வைத்து, ‘தப்பாய்’ என்னும் புளித்த பண்டம் செய்தார்கள். பண்டிகை நாட்களில் தூக்குப் போணிகள் இரு பக்கமும் போய் வந்தன.

இன்று கித்தா இருந்த பல இடங்களில் செம்பனை நிற்கிறது, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் கலைந்தன. ஆப்பத்துக்குப் பாக்கெட் ஈஸ்டும் தேங்காய்த் தண்ணீரும் போதுமென்று ஆகிவிட்டது. இந்த மாற்றத்தில் எனக்கு வருத்தமில்லை. தோட்ட வரலாற்றை எழுதும் இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன்: கள்ளுக்கடையின் கதையைக் கூலியின் கணக்கோடும், மறியலில் நின்றவர்களோடும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பெண்களின் சமையல் அறிவையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அப்போதுதான் நம் தாத்தாக்களுக்கும் அப்பாயிகளுக்கும் நியாயம் கிடைக்கும்.