எழுபது ரூபாய் அருவாளும் எட்டு வள்ளம் கம்பும்

எங்கள் ஊர்ச் சந்தையில் தரையில் சாக்கு விரித்து விற்கிற புல்லறுக்கும் அருவாள் இன்றைக்கு எழுபது ரூபாய். பேரம் பேசினால் அறுபதுக்கும் கொடுப்பார்கள். பட்டறையில் ஆசாரி அடித்துத் தருவது 450 ரூபாய். (சினிமாவில் வரும் திருப்பாச்சி அருவாளை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது ஓரத்தில் பல் வைத்த சின்னக் கருக்கருவா. மாட்டுக்குப் புல்லறுக்கிறது, கதிர் அறுக்கிறது.)

என்னிடம் இருக்கிற பட்டறை அருவாளுக்கு இது பதினோராவது வருசம். வருசம் ஒருமுறை ஆசாரியிடம் கொடுத்துக் காய்ச்சி, மழுங்கின பல்லைத் திரும்ப வெட்டி வாங்குகிறேன். தடவைக்கு 60 ரூபாய். பத்துத் தடவை என்றே வைத்தாலும் மொத்தச் செலவு 1,050 ரூபாய். சந்தை அருவாள் வருசத்துக்கு மூன்றாவது தேவைப்படும். பதினோரு வருசத்துக்கு இன்றைய விலையில் 2,310 ரூபாய் ஆகிறது. மழுங்கின அருவாளை இழுத்து இழுத்து அறுத்து மணிக்கட்டு வீங்குவதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

"இதென்ன பெரிய கண்டுபிடிப்பு, மலிவா வாங்குனா சீக்கிரம் போகும்னு எல்லாருக்கும் தெரியுமே" என்பீர்கள். தெரியும்தான். எங்கள் ஊரில் எல்லோருக்குமே தெரியும். இருந்தும் பெரும்பாலான வீடுகளில் கிடப்பது சந்தை அருவாள்தான். ஏன் அப்படி ஆனது என்பதற்கு ஒரு நீளமான கதை இருக்கிறது.

டவுனில் இருக்கும் நண்பர்கள் அடிக்கடி சொல்வார்கள்: "அந்தக் காலத்து ஆளுங்க கொஞ்சமா வாங்குனாங்க, நல்லதா வாங்குனாங்க." பாதிதான் உண்மை. எங்கள் அப்பாரு காலத்தில் அருவாளை யாரும் வாங்கவே இல்லை.

அப்பாரு சொன்ன கணக்கு இது. ஒரு ஏருக்கு வருசத்துக்கு எட்டு வள்ளம் கம்பு. எங்கள் பக்கம் வள்ளம் என்றால் நாலு படி. ரெண்டு ஏர் வைத்திருக்கிற குடியானவன் பதினாறு வள்ளத்தை, கம்பு அடித்துத் தூற்றிய களத்துமேட்டிலேயே ஆசாரிக்கு அளந்துவிட வேண்டும். இரும்பும் அடுப்புக்கரியும் குடியானவன் கொடுத்துவிடுவான். மற்றபடி வருசம் பூராவும் கொழு காய்ச்சுவது, களைக்கொத்துக்கு வாய் வைப்பது, அருவாளுக்குப் பல் வெட்டுவது, மம்முட்டிக்குக் காம்பு மாட்டுவது எல்லாம் அந்தக் கம்புக்குள் அடக்கம். எத்தனை தடவை போனாலும் தனிக்கூலி கிடையாது.

இது எங்கள் ஊரில் மட்டும் இருந்த பழக்கமும் அல்ல, நேற்று வந்ததும் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் 1014 வாக்கில் வெட்டிய ராஜராஜனின் கல்வெட்டுகள், கோயிலுக்கு விட்ட ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்று வரிசையாகச் சொல்கின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால் போன்றவற்றோடு கம்மாணசேரி, அதாவது கம்மாளர் குடியிருந்த இடமும் அந்த வரிசையில் வருகிறது. அதற்கு ரொம்பப் பின்னால், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டுப் பகுதியில் சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அரசுக்கும் உழுதவனுக்கும் விளைச்சலைப் பிரிப்பதற்கு முன்பே கொல்லருக்கும் தச்சருக்கும் களத்தில் பங்கு எடுத்து வைத்தது அந்தக் கணக்குகளில் பதிவாகியிருக்கிறது. 1812-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு வைத்த ஐந்தாம் அறிக்கையும், தென்னிந்திய ஊர் என்றால் யார் யார் இருப்பார்கள் என்று சொல்லும்போது உழவுக் கருவி செய்கிற கொல்லரையும் தச்சரையும் பட்டியலில் சேர்க்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சூட்சுமம் இருந்தது. ஆசாரிக்கு வருமானம் வருசத்துக்கு எட்டு வள்ளம். அருவாள் நன்றாக உழைத்தாலும் அதே எட்டு, மாசம் ஒருதடவை வாய் மடங்கினாலும் அதே எட்டுதான். மட்டமாக அடித்துக் கொடுத்தால் திரும்பத் திரும்ப உலை ஊத வேண்டியது அவர் பாடு. அதனால் முதல் தடவையே உறுதியாக அடித்துக் கொடுப்பதுதான் அவருக்கு லாபம். எழுபது ரூபாய் அருவாள் செய்கிறவருக்கோ, அது எவ்வளவு சீக்கிரம் தேய்கிறதோ அவ்வளவு நல்லது. அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவருக்குக் காசு வருகிற வழி அப்படி.

இனி இரும்புக்கு வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து கொடுமணல் தூரமில்லை. நொய்யல் கரையில் இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் அங்கே தோண்டத் தொடங்கியது. இரும்பு உருக்கிய உலைகளும், எஃகு செய்த மண்குவைகளின் தடயமும் கிடைத்தன. சங்க காலத்து ஊர் அது. பழைய தமிழில் எஃகு என்றால் வேலையும் குறிக்கும். பொருளும் ஆயுதமும் ஒரே பேரில் வழங்கியிருக்கின்றன. சேலம் பக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் எஃகு செய்தார்கள். சின்ன மண்குவையில் இரும்புத் துண்டோடு காய்ந்த ஆவாரங்குச்சியைப் போட்டு, எருக்கு இலையால் மூடி, மண் பூசி அடைத்து, மணிக்கணக்கில் கரி நெருப்பில் ஊதினார்கள். ஆவாரங்குச்சியின் கரி இரும்புக்குள் இறங்கி எஃகாகும். எருக்கும் ஆவாரையும் எங்கள் வேலியோரம் சும்மா கிடக்கிற செடிகள்! இவ்வளவு பாடுபட்டால் ஒரு குவைக்குக் கிடைப்பது ஒரு கிலோவுக்கும் குறைவான கட்டிதான். லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1819 வாக்கில் ஆராய்ச்சி செய்தது இந்த மாதிரி இந்திய எஃகைத்தான்.

அதனால் அன்றைக்கு எஃகு அருமையான சாமான். கருவி முழுக்க அதில் அடிக்கக் கட்டுப்படியாகாது. உடம்பு மெத்தென்ற இரும்பு, வாய்க்கு மட்டும் எஃகு. தேய்ந்தால் வாயை மாற்றுவார்கள், உடம்பு அப்படியே இருக்கும்.

1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்துக் கனிமம், ஆங்கிலேயப் பாணி உலை. கரி கிடைப்பதே பெரும்பாடாகி, சில பத்தாண்டு நஷ்டத்துக்குப் பிறகு அது மூடப்பட்டது. ஹீத் ஷெஃபீல்டுக்குப் போய், எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். அங்கே நல்ல எஃகின் விலை சரிந்தது. அவருக்கு மிஞ்சியது வருசக்கணக்கில் வழக்கு. 1851-இல் இறந்துபோனார். 1856-இல் பெஸ்ஸமர் முறை வந்து எஃகு இன்னும் மலிவானது. இங்கே ரயில் ஓடத் தொடங்கியதும் அதே 1856-தான், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை. கப்பலில் வந்த சீமை இரும்பு ரயிலேறி உள்ளூர் வரை வந்தது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்த பிறகு காட்டில் கரி சுடுவதற்கும் கட்டுப்பாடு. உள்ளூரில் இரும்பு உருக்குகிற தொழில் அதோடு படுத்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு "வெள்ளைக்காரன் வந்தான், நல்ல அருவா போச்சு" என்று முடித்துவிடாதீர்கள். இரும்பு உருக்குகிறவர்கள் வேறு, அருவாள் அடிக்கிற ஆசாரி வேறு. ஆசாரிக்குச் சீமை இரும்பு வசதிதான். மலிவாக வந்தது, ஒரே சீராக இருந்தது. கம்பு பாட்டுக்குக் களத்தில் அளந்துகொண்டே இருந்தார்கள். அதற்கும் பின்னால் லாரி வந்ததும் இன்னும் நல்ல இரும்பு கையில் கிடைத்தது. லாரிக்கு அடியில் அடுக்கியிருக்கும் ஸ்பிரிங் பட்டை இருக்கிறதே, அதில் கரியின் அளவு அரை சதவீதத்துக்கு மேல் இருக்கும். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்ச்சல் கொடுத்தால் நன்றாக இறுகும். சாதாரணக் கட்டுக்கம்பியிலும் தகட்டிலும் கால் சதவீதம்கூட இருக்காது. என்ன தோய்ச்சல் கொடுத்தாலும் இறுகாது. எழுபது ரூபாய் அருவாளின் குறை அவ்வளவுதான். மற்றதெல்லாம் மேலே அடித்த பச்சைப் பெயிண்ட். என்னுடைய பதினோரு வருச அருவாள் பழைய லாரிப் பட்டைதான்.

ஆக, நல்ல இரும்பு எப்போதையும்விட மலிவாகக் கிடைக்கிற காலத்தில்தான் நல்ல அருவாள் போனது. அதைப் போக்கியது, என் கணிப்பில், டிராக்டர்.

ஆசாரிக்கு அருவாள் சில்லறை வேலை. முக்கிய வேலை கொழு. உழவு நடக்கிற நாளில் கொழு சீக்கிரம் தேயும், விடியும் முன்பே பட்டறை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். கம்பைக் கணக்கிட்டதே ஏருக்கு இவ்வளவு என்றுதானே! டிராக்டர் வந்ததும் ஏர் போனது, கொழு போனது, கம்பு அளக்கிற கணக்கும் போனது. அதே சமயத்தில் எங்கள் பக்கம் கம்பும் சோளமும் குறைந்து மஞ்சளும் கரும்பும் வந்தன. கரும்பு ஆலைக்குப் போகிறது, மஞ்சள் மண்டிக்குப் போகிறது. களத்துமேட்டில் அளந்து கொடுக்க என்ன இருக்கிறது? "இனி வேலைக்கு இவ்வளவுன்னு காசா வாங்கிக்கங்க" என்றார்கள். காசு என்று வந்தவுடனே 60 ரூபாய் கொடுத்துப் பழசைக் காய்ச்சுவதா, 70 கொடுத்துப் புதுசு வாங்குவதா என்ற கேள்வி வந்துவிட்டது. பத்து ரூபாய்தான் வித்தியாசம். புதுசு பளபளவென்று வேறு இருக்கிறது.

மலிவு வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கூலிக்கு வரும் பெண்கள் அருவாளைத் தாங்களே கொண்டு வருகிறார்கள். 450 ரூபாய் என்பது அவர்களுக்கு ஒரு நாள் கூலிக்கு மேல். அதை மொத்தமாக எடுத்து வைக்க முடியாதவர்கள் எழுபது எழுபதாகக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நல்லதாக ஒன்று வாங்கு என்று சொல்வது, கையில் முதல் இருக்கிறவனுக்கு மட்டும் உதவுகிற புத்திமதி.

பழைய ஏற்பாடு பொற்காலம் என்றும் சொல்ல மாட்டேன். எட்டு வள்ளம் என்பதை ஆசாரி ஒன்பது ஆக்க முடியாது. "உன் வேலை வேண்டாம்" என்று எந்தக் குடியானவனிடமும் சொல்ல முடியாது. பிறந்த சாதியால் வந்த கட்டு அது. விளையாத வருசம் களத்தில் அளக்க ஒன்றுமில்லை, அவர் உலை ஊதினது ஊதினதுதான். 1876–78 தாது வருசப் பஞ்சத்தில், தானியத்தைக் கூலியாக நம்பியிருந்தவர்கள் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊர் ஆசாரியின் மகன் திருப்பூரில் மெஷின் மெக்கானிக். மாசம் முதல் தேதி சம்பளம் வாங்குகிறார். அவர் இந்தத் தொழிலுக்கு வராததில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அவர் செய்தது சரி.

ரெண்டு வருசம் முன்பு, பட்டறையை மூடப் போகிறேன் என்று ஆசாரி சொன்னபோது நாங்கள் ஏழு பேர் போய்ப் பேசினோம். வீட்டுக்கு வருசம் 1,500 ரூபாய் தை மாசமே கொடுத்துவிடுகிறோம், வருசம் பூராவும் எங்கள் சாமானைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றோம். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "ஏனுங்க, மறுபடியும் களத்துமேட்டுக்கு முறத்தைத் தூக்கிட்டு வரச் சொல்றீங்களா?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து அவரே மூன்று நிபந்தனை சொன்னார். பணம் பேங்கில் போட்டுவிட வேண்டும், யார் வீட்டு வாசலுக்கும் தான் வர மாட்டார். சாமானை நாங்கள்தான் பட்டறைக்குக் கொண்டு போக வேண்டும். வருசா வருசம் தொகையை அவர் ஏற்றுவார், பிடிக்காதவர் விலகிக்கொள்ளலாம். இந்தத் தையில் 1,800 ஆக்கினார். ஒருவர் விலகினார், வேறு இரண்டு பேர் சேர்ந்தார்கள். போன மாசம் என் மம்முட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தவர், வாய் இன்னும் ஒரு வருசம் தாங்கும் என்று காய்ச்சாமலே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பட்டறை அருவாள் வாங்க வருகிறவர்களுக்கு அவர் சொல்லித் தருகிற சோதனை ஒன்று உண்டு. வாய் ஓரத்தில் ஒரு அரத்தை வைத்து லேசாகத் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் ஏறியிருக்கிறது. வெண்ணெயில் இறங்குகிற மாதிரி கடித்தால் அது தகடு. அடுத்து கைப்பிடியைப் பாருங்கள். இரும்பு வால் கட்டைக்குள் முழுக்க இறங்கி, மேலே பூண் இறுக்கியிருக்க வேண்டும். பெயிண்ட் அடித்திருந்தால் சுரண்டிப் பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள்.

எங்கள் ஆசாரி இப்போது செவ்வாய், வெள்ளி ரெண்டு நாள்தான் உலை மூட்டுகிறார். வயது 68. துருத்தி ஊத மோட்டார் இருக்கிறது, சம்மட்டி பிடிக்கத்தான் ஆளில்லை. வெள்ளிக்கிழமைகளில் எங்களில் யாராவது ஒருவர் போய்ப் பிடிக்கிறோம்.